எழுபதாவது காலடி

1938ஆம் ஆண்டு அக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானம் தெளிந்திருந்தது. மேற்கே சியரா மலையின்மீது ஒரு மேகமும் இல்லை. வறண்ட காற்று வடக்கிலிருந்து வீசிற்று. படக்குழுவின் பேருந்து டல்லி ஸ்பிரிங்ஸ் ஊரைக் கடந்து, பாறைகளுக்கிடையே இருந்த பழைய லாயத்தின்முன் நிற்பதற்குள், ஈனிட் ட்ரஸ்காட் இவ்வளவையும் தன் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதி முடித்திருந்தாள்.

எழுதுவதுதான் அவள் வேலை. எந்தக் காட்சியில் எவனுடைய தொப்பி எப்பக்கம் சாய்ந்திருந்தது, எந்தப் பொத்தான் திறந்திருந்தது, நிழல் எவ்வளவு நீண்டிருந்தது என்பவற்றைக் குறித்துவைப்பாள். இல்லையேல் திரையில் ஒருவன் கதவுக்கு வெளியே நீலச் சட்டையோடும் உள்ளே கட்டம்போட்ட சட்டையோடும் தோன்றிவிடுவான். இதற்குமுன் பதினொரு ஆண்டுகள் நெப்ராஸ்காவில் இலக்கணம் கற்பித்தவள்; பள்ளியை மூடிவிட்டார்கள். படக்குழுவில் அனைவருக்கும் அவள் ‘டீச்சர்’தான். அவளுடைய குறிப்பேடுகளில் அடித்தல் திருத்தல் இராது என்பதை வேடிக்கையாகவும் சற்றே மரியாதையாகவும் சொல்வார்கள்.

ஒரேயொரு பக்கத்தில் மட்டும் இருந்தது. அது சென்ற ஆண்டின் குறிப்பேடு. அதையும் அவள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். திங்கட்கிழமை விசாரணையில் அது தேவைப்படும்.

படம் வழக்கமானது. மாட்டுக் கள்ளர்கள் மந்தையை ஓட்டிப்போவார்கள். கௌபாய்கள் துரத்தி மீட்பார்கள். ஏழு நாளில் எடுத்து முடிக்க வேண்டும். மாடுகள் நாற்பதுதான், அவற்றைப் பாறையைச் சுற்றி மூன்றுமுறை ஓட்டினால் நூற்றிருபது. குதிரை ஏறுபவர்கள் ஏழு பேர். காலையில் கறுப்புத் தொப்பி போட்டுத் திருடுவார்கள், பிற்பகலில் வெள்ளைத் தொப்பி போட்டுத் தங்களையே துரத்துவார்கள்.

“காலைல நான் திருடுன மாட்டையே மத்தியானம் நான்தான் மீட்கணும்,” என்றான் டாப்ஸ் என்ற குள்ளமான குதிரைவீரன், பேருந்தைவிட்டு இறங்கியபடி. “மாட்டுக்கே வெக்கமா இருக்கும்பா.”

மற்றவர்கள் சிரித்தார்கள். ஈனிட் லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்ற ஆண்டு அதன் கதவின்மீதுதான் ஆர்லோ பிகெட்டின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். கதவை மீண்டும் கீல்களில் மாட்டியிருந்தார்கள். புதுச் சாயம்கூடப் பூசவில்லை.

லாயத்தின் வாசலில் குதிரைக்காரர் எஸ்ரா டன் சீட்டோடு நின்றார். அவருடைய ஒழுங்கு எளியது, மாறாதது. காலையில் குதிரையை வாங்குபவன் அதன் பெயருக்கு எதிரே தன் குறியை இட வேண்டும். மாலையில் திருப்பிக் கொடுத்த பின் அக்குறியின் குறுக்கே ஒரு கோடு கிழிக்க வேண்டும். கோடு விழாத குறிக்குப் பொருள் ஒன்றே: அது இன்னும் அவன் வசம் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் தங்கள் குடும்பத்து மாட்டுக்குச் சூடுபோடும் முத்திரையை வரைவார்கள். ஆர்லோ பிகெட் அப்படித்தான் வரைவான்: ஒரு கிடைக்கோடு, அதன்மேல் ஓர் அரைவட்டம். அவன் அப்பாவின் மந்தை போய் இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. முத்திரை மட்டும் மிஞ்சியிருந்தது.

இயக்குநர் மெர்ல் ஹாக்கெட் ஈனிட்டைத் தனியே அழைத்துப்போனார். பருத்த மனிதர், கோபம் வந்தாலும் குரலை உயர்த்தமாட்டார். துரத்தும் காட்சியில் ஒரு கள்ளன் குதிரையோடு விழ வேண்டும் என்றும், அதற்காக இந்த முறை எவனையும் விழவைக்கப் போவதில்லை என்றும் சொன்னார். சென்ற ஆண்டு எடுத்த விழுதல் காட்சி பெட்டியில் சும்மா கிடக்கிறது. அதையே ஒட்டிவிடலாம். ஈனிட் செய்ய வேண்டியது, மற்றவை அதனோடு பொருந்துமாறு பார்த்துக்கொள்வது: அதே கோடுபோட்ட சட்டை, அதே கறுப்பு அரைக்கோட்டு, நெற்றியில் வெள்ளையுள்ள குதிரை, அதே வெயில்.

“அது ஆர்லோ செத்த காட்சி, சார்,” என்றாள் ஈனிட்.

“செத்தவனுக்கு இனிமே வலிக்கப் போறதில்ல. உயிரோட இருக்கறவன் ஒருத்தன் தப்பிக்கறான்ல? யோசிச்சுப் பாருங்க, டீச்சர், இது ஒரு புண்ணியம்.” பிறகு, நினைவு வந்தவரைப்போல, “திங்கக்கிழமை அந்தக் குறிப்பேட்டக் கொண்டுவந்துடுங்க. அதுல என்ன எழுதியிருக்கோ அதச் சொன்னாப் போதும்.”

அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

*

குதிரையை விழவைப்பதற்கு அந்நாளில் ஒரு வழி இருந்தது. நிலத்தில் ஓர் இரும்பு முளை அறைவார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பியொன்று குதிரையின் முன்னங்கால்களுக்குப் போகும். குதிரை முழுப் பாய்ச்சலில் ஓடும். கம்பி தீரும் இடத்தில் அதன் கால்கள் பின்னுக்கு இழுக்கப்பட்டுத் தலைகுப்புற விழும். ஏறியிருப்பவனுக்கு ஒன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்: கம்பி எத்தனை காலடி நீளம். அதற்குச் சற்று முன்னால் அவன் சேணத்தில் கால்வைக்கும் அங்கவடியிலிருந்து பாதங்களை விடுவித்துக்கொள்வான். குதிரை விழும்போது இவன் தனியே தெறித்து உருளுவான். குதிரைக்கு என்ன ஆகும் என்பதை எவரும் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு அக்டோபர் 14 காலையில் கம்பி தொண்ணூறு காலடி. ஆர்லோ தானே நடந்து எண்ணி, தொண்ணூறில் வெள்ளையடித்த கல்லொன்றை வைத்தான். பிற்பகலில், விழுதல் காமிராவுக்கு இன்னும் அருகில் வேண்டுமென்று ஹாக்கெட் கம்பியை எழுபதாகக் குறைக்கச் சொன்னார். குறைத்தார்கள். ஈனிட் எழுதினாள்: 70. கல்லை எவரும் நகர்த்தவில்லை. ஆர்லோவிடம் எவரும் சொல்லவில்லை.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் குதிரை எழுபதில் விழுந்தது. அவன் பாதங்கள் அங்கவடியிலேயே இருந்தன.

அன்று மாலை ஹாக்கெட் அவளுடைய அறைக்கு வந்து, கம்பி தொண்ணூறாகவே இருந்தது என்று அமைதியாகச் சொன்னார். கம்பி தொண்ணூறு என்றால் எழுபதில் நடந்த விழுதலுக்குக் கம்பி காரணமன்று, ஏறியவனின் தவறு, குடித்திருக்கலாம். வேலைக்காகக் கம்பெனி வாசலில் நிற்பவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்பதையும் அதே அமைதியோடு சொன்னார். அவர் போன பிறகு ஈனிட் சவர அலகால் 7ஐச் சுரண்டி, அவ்விடத்தில் 9 எழுதினாள். திருத்தம் மிகச் சுத்தமாக இருந்தது. அதை நினைக்கும்போது வரும் கூச்சத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

*

நண்பகலில் உணவு வந்தது. பழைய லாரியின் பின்பலகையில் பீன்ஸ் அண்டாவையும் ரொட்டிக் கூடையையும் வைத்துப் பரிமாறியவள் நெட்டி பிகெட், ஆர்லோவின் மனைவி. கணவன் போன பிறகு இவ்வட்டாரத்துக்கு வரும் எல்லாப் படக்குழுக்களுக்கும் அவள்தான் சமைத்துப்போட்டாள். இந்த ஓராண்டில் ஈனிட்டின் கம்பெனி மட்டும் நான்குமுறை வந்திருந்தது.

“டீச்சர், நீங்க ஏன் கடைசியில நிக்கறீங்க? முன்னால வாங்க,” என்று அவளே தட்டை நிரப்பி நீட்டினாள். “திங்கக்கிழமை விசாரணைக்கு நீங்களும் வருவீங்கதானே? ஆபீசர் உங்க பேரப் படிச்சாரு. எனக்கு அப்பத்தான் தெம்பு வந்துச்சு. நீங்க எழுதுனா எழுதுனதுதான்னு ஆர்லோ சொல்லுவாரு.”

ஈனிட் தட்டை வாங்கிக்கொண்டாள்.

“நஷ்டஈடு கிடைக்குதோ இல்லையோ,” என்றாள் நெட்டி, கரண்டியைத் துடைத்தபடி. “அவரு எண்ணத் தெரியாம விழுந்தாருன்னு எழுதிட்டாங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. எழுத்துத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா எண்ணிக்கையில அந்த மனுஷன் ஒருநாளும் தப்புனதில்ல.”

பீன்ஸ் சூடாக இருந்தது. ஈனிட் முழுவதையும் தின்றாள்; மிச்சம் வைத்தால் நெட்டி காரணம் கேட்பாள்.

பிற்பகலில் இரவுக்காட்சி எடுத்தார்கள். உண்மையான இரவில் எடுக்க விளக்குகள் வேண்டும். அவற்றுக்கு வழியில்லாத கம்பெனிகள் உச்சிவெயிலில், காமிராவின் கண்ணுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி வைத்து எடுத்துவிடும். வெள்ளை மணல் நிலவொளியாகும், வானம் கறுத்துப்போகும். ஏழு பேரும் பாறைக்குப் பின்னாலிருந்து புறப்பட்டார்கள். ஈனிட் எண்ணினாள். ஏழு தொப்பிகள், ஏழு குதிரைகள், ஏழு நிழல்கள்.

குளம்போசை அவளைக் கடந்து போயிற்று. பிறகு, புழுதி படியத் தொடங்கியபோது, பின்தங்கி வரும் இன்னொரு குதிரையின் ஓசை கேட்டது.

வந்தது. நெருங்கியது.

சட்டென்று நின்றது.

விழும் ஓசை இல்லை, நின்றது, அவ்வளவுதான். வெட்டவெளியில் எவரும் இல்லை. கிராம்பு வாசனை மட்டும் காற்றில் கனமாக வந்தது. ஆர்லோவுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. நாள் முழுதும் கிராம்பைக் கடித்துக்கொண்டிருப்பான்.

ஈனிட் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி பத்து நிமிடம். அதை எழுதினாள். வேறெதையும் எழுதவில்லை.

மாலையில் எஸ்ரா டன் சீட்டை நீட்டிக்கொண்டு வீரர்களை ஏசிக்கொண்டிருந்தார். ஏழு குதிரைகள், ஏழு குறிகள், ஏழின்மேலும் கோடு விழுந்திருந்தது. எட்டாவது வரியில், எந்தக் குதிரையின் பெயரும் எழுதப்படாத இடத்தில், ஒரு கிடைக்கோடும் அதன்மேல் ஓர் அரைவட்டமும் இருந்தன.

“செத்தவன வச்சு விளையாடற நாய் எதுடா? நாளைக்கு அவனுக்கு மொரட்டுக் குதிரைதான்,” என்றார் எஸ்ரா. எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. டாப்ஸ்கூடச் சிரிக்கவில்லை. எஸ்ரா ஈனிட்டின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “எந்தக் குதிரைன்னு காணோம், டீச்சர். எதயோ எடுத்துக்கப் போறேன்னு குறி மட்டும் போட்டு வச்ச மாதிரி இருக்கு.”

*

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கழுவிய படச்சுருள் ரயிலில் வந்தது. ஊரிலிருந்த சிறு கொட்டகையில் ஹாக்கெட்டும் காமிராக்காரரும் ஈனிட்டும் அமர்ந்து பார்த்தார்கள். ஒலியில்லாத படம். இயந்திரத்தின் கடகடப்பு மட்டும் பின்னாலிருந்து வந்தது.

திரையில் பொய்யான இரவு. பொய்யான நிலவு. பாறைக்குப் பின்னாலிருந்து வீரர்கள் புறப்பட்டார்கள்.

எட்டுப் பேர்.

கடைசியில் வந்தவன் கோடுபோட்ட சட்டை அணிந்திருந்தான். அவனுடைய குதிரையின் நெற்றி வெள்ளையாக இருந்தது. செவ்வாயன்று அந்தச் சட்டை பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை என்பதை ஈனிட்டின் குறிப்பேடே சொல்லும். மற்ற எழுவரும் முன்னால் பார்த்து ஓட்டினார்கள். அவன் மட்டும் முகத்தைத் திருப்பி, காமிராவுக்குச் சற்று இடப்புறமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். காமிராவின் இடப்புறத்தில்தான் ஈனிட்டின் நாற்காலி எப்போதும் இருக்கும். வெளியின் பாதியில் அவன் இல்லாமல்போனான்.

காமிராக்காரர் இரு காட்சிகள் ஒன்றன்மேலொன்று பதிந்திருக்கும் என்றார். ஆனால் சுருள் புதியது என்பதையும் அவரே சொன்னார்.

“ஏழு பேருக்குச் சோறு போட்டு எட்டுப் பேர் வந்திருக்காங்க,” என்றார் ஹாக்கெட். “எனக்கு லாபம்தான். வெட்ட வேணாம், அப்படியே இருக்கட்டும்.” ஆனால் சுருட்டைப் பற்றவைக்க அவருக்கு மூன்று தீக்குச்சிகள் தேவைப்பட்டன.

ஈனிட் நேரே படமெடுத்த வெட்டவெளிக்கு நடந்து போனாள். வெயில் இன்னும் இருந்தது. துருப்பிடித்த இரும்பு முளையைக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து எண்ணிக்கொண்டு நடந்தாள். திரையில் அவன் மறைந்த இடத்துக்கு அடையாளமாக ஒரு பிளந்த பாறை இருந்தது. அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது.

எழுபது. பாறை அவளுக்கு நேர் இடப்புறம் இருந்தது.

இருபது காலடி தள்ளி, வெள்ளையடித்த கல் இன்னும் அங்கேயே கிடந்தது.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை, அக்டோபர் 14. உச்சிவெயிலில் மீண்டும் இரவு எடுத்தார்கள். காமிராக்காரரின் கழுத்தில் கறுப்புக் கண்ணாடித் துண்டொன்று கயிற்றில் தொங்கும். அதன்வழியே பார்த்தால் பகல் படத்தில் எப்படி இரவாகத் தெரியும் என்பதை முன்கூட்டியே அறியலாம். ஈனிட் அதைக் கேட்டு வாங்கினாள். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து, தனக்குரியதல்லாத கருவியை அவள் கேட்டது அதுவே முதல்முறை.

வீரர்கள் பாறைக்குப் பின்னால் காத்திருந்தார்கள். அவள் கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள்.

வெளி இருண்டது.

அவளுக்கு மூன்றடி தூரத்தில் ஒரு குதிரையின் கழுத்து இருந்தது. அது இருக்கக் கூடாத கோணத்தில் மடிந்திருந்தது. ஈனிட் மெல்லக் கண்ணாடியை உயர்த்தினாள். சேணம். கோடுபோட்ட சட்டை. அங்கவடியில் ஆழச் செருகிய பாதம்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். வெயில், மணல், தொலைவில் நெட்டியின் லாரி.

மீண்டும் உயர்த்தினாள்.

அவன் குனிந்திருந்தான். முகம் மிக அருகில் இருந்தது. கிராம்பு மணத்தது. கோபம் இல்லை அந்த முகத்தில். ஒரு கேள்வி கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருப்பவனின் பணிவு மட்டுமே இருந்தது. அதை அவள் முன்பே பார்த்திருந்தாள்.

“எத்தன காலடி, டீச்சர்?”

இதை அவள் எவரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூட முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை. சென்ற ஆண்டு இதே நாளில், இரண்டு மணி எட்டு நிமிடத்துக்கு, அவளுடைய நாற்காலியருகே குதிரையை நிறுத்தி அவன் இதையே, இதே சொற்களில் கேட்டான். அவள் மடியில் திறந்திருந்த பக்கத்தில் எழுபது என்று எழுதியிருந்தது. ஆனால் குறிப்பாளர் குதிரைவீரர்களோடு பேசக் கூடாதென்பது அக்குழுவின் விதி. விதிகளில் அவளுக்குப் பிடிப்பு உண்டு. மேலும் அந்த நிமிடத்தில் அவள் ஒரு காற்புள்ளியை எங்கே இடுவதென்று யோசித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், பேனாவால் உதவி இயக்குநர் இருந்த பக்கத்தைச் சுட்டிக்காட்டினாள். உதவி இயக்குநர் அங்கே இல்லை. “சரிங்க டீச்சர்” என்று சொல்லி, தொப்பியைத் தொட்டுவிட்டு அவன் போனான்.

“எழுபது,” என்றாள் ஈனிட்.

அது அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “எழுபது.”

கண்ணாடிக்குள் அவன் தொப்பியைத் தொட்டான்.

ஆனால் போகவில்லை.

*

திங்கட்கிழமை மாவட்ட நீதிமன்றத்தின் சிறிய கூடத்தில் விசாரணை நடந்தது. விபத்து இழப்பீட்டு ஆணையத்தின் அலுவலர் ஒல்லியான, பொறுமையான மனிதர். ஹாக்கெட் தம் பங்கைச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு ஈனிட்டின் பெயரை அழைத்தார்கள். அவள் சென்ற ஆண்டின் குறிப்பேட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் தனியே உயர்த்தி, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். ஓர் எண் இருந்த இடத்தில் காகிதம் மெலிந்து வெளிச்சம் ஊடுருவிற்று.

தான் சுரண்டியதைச் சொன்னாள். எதற்காக என்பதைச் சொன்னாள். அவன் கேட்டதையும் தான் பேனாவால் சுட்டிக்காட்டியதையும் சொன்னாள், காற்புள்ளியையும் விடவில்லை. வாக்கியங்கள் ஒழுங்காக வந்தன. அழுகை வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“உங்களுக்கு இனிமே எந்தக் கம்பெனியும் வேலை குடுக்காது, தெரியுமில்ல?” என்றார் ஹாக்கெட் வெளிப்படிகளில். “ஒரு வருஷம் கழிச்சு நல்லவங்களாயிட்டீங்க. கொஞ்சம் லேட்டு, டீச்சர்.”

முதல் வாக்கியத்தைவிடக் கடைசி வாக்கியம்தான் அவளை வருத்திற்று, அதில் பிழையில்லை.

நெட்டி கடைசியாக வந்தாள். ஈனிட் படியின் ஓரத்தில் நின்றாள், அடித்தால் வாங்கிக்கொள்வதற்கு வசதியாக.

“ஒரு வருஷம் என் கையால வாங்கித் தின்னீங்க,” என்றாள் நெட்டி, மெதுவாக. “ரொட்டிக்கு வெண்ணெ போதுமான்னுகூடக் கேட்டேன் உங்கள.” வேறெதுவும் சொல்லாமல் லாரியை நோக்கி நடந்தாள்.

*

தீர்ப்பு நவம்பர் 9, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு வழங்கப்பட்டது. மழைக்கு முந்திய சாம்பல்நிற வானம். ஈனிட்டை எவரும் அழைக்கவில்லை, வந்திருந்தாள். எஸ்ரா டன் நெட்டியின் துணைக்கு வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

அலுவலர் நின்றபடி வாசித்தார். கம்பியின் நீளம் எழுபது காலடி. அது இறந்தவருக்கு அறிவிக்கப்படவில்லை. இறந்தவரிடம் தவறோ, கவனக்குறைவோ, குடியோ இருந்ததற்குச் சான்றில்லை. மனு ஏற்கப்படுகிறது. நெட்டி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்; ‘தவறோ’ என்ற சொல்லின்போது மட்டும் உதடு அசைந்தது.

அலுவலர் எல்லார் முன்னிலையிலும் கையெழுத்திட்டு, மையொற்றுத் தாளை அழுத்தி எடுத்து, தீர்ப்பை இரு கைகளாலும் நெட்டியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் கிராம்பு மணத்தது.

“இது என்னங்க?” என்றாள் நெட்டி. “இங்க, கீழ?”

அலுவலர் குனிந்து பார்த்து, தாம் கையெழுத்திடும்போது அது அங்கே இல்லை என்றார். நெட்டியின் விரல் பட்ட இடத்தில் மை இழுபட்டது. இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு கிடைக்கோடு. அதன்மேல் ஓர் அரைவட்டம். அவள் சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். அவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றாள், மகிழ்ச்சியோடுதான் சொன்னாள்.

எஸ்ரா மட்டும் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி ஈனிட்டைப் பார்த்தார். உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்.

ஈனிட் அருகே போய்ப் பார்த்தாள். குறி, தீர்ப்பின் அடியில் சாட்சியின் பெயர் எழுதப்பட்ட வரியில், எஸ்ராவின் சீட்டில் குதிரையின் பெயருக்கு எதிரே இடுவதைப்போல, ஈனிட் ட்ரஸ்காட் என்பதற்கு நேர் எதிரே இடப்பட்டிருந்தது.

அதன் குறுக்கே கோடு இல்லை.